ஒண்டாச்சி என்றோர் ஒல்லாந்தப் பெயர்



கந்தோருக்குப் போகிறேன் என்கிறோம். மேசை லாச்சியைத் திற என்கிறோம். கந்தோரும் லாச்சியும் ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்ற சொற்கள். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் அவர்கள். இப்படி அவர்களிடமிருந்து நம்மிடம் வந்த சொற்களைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். நான் இன்று எடுத்துக்கொண்டது எதிர்த்திசையிலே போன ஒரு பெயரை. தமிழரிடமிருந்து புறப்பட்டு, ஒல்லாந்தரின் ஏடுகளில் ஏறி, ஒல்லாந்தக் குடும்பப் பெயராகவே கருதப்பட்டுவிட்ட பெயர் அது.

எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சியை நேயர்கள் அறிவீர்கள். 1943 இல் கொழும்பிலே பிறந்தவர். 1954 இல் இங்கிலாந்துக்கும் 1962 இல் கனடாவுக்கும் சென்றவர். 1992 இல் புக்கர் பரிசை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டவர். ஒல்லாந்தப் பறங்கியர் மரபிலே வந்தவர் என்றுதான் பெரும்பாலும் அவரை அறிமுகஞ் செய்வார்கள். பெயரைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனால் ஒல்லாந்தரின் குடும்பப் பெயர்களுக்கு ஒரு போக்கு உண்டு. 'வன்' என்று தொடங்கினால் அடுத்து வருவது பெரும்பாலும் ஊர் அல்லது இடம். 'டி வோஸ்' என்றால் நரி. முன்னோர் யாருக்கோ வைத்த பட்டப் பெயராக இருக்கலாம். நம் நாட்டிலே நாம் நன்கறிந்த 'ஜான்ஸ்' என்பது யானின் மகன் என்பதன் சுருக்கம். தந்தை பெயரை மகன் சுமப்பது நமது முதலெழுத்து வழக்கத்துக்கு மிகவும் கிட்டியது. நெதர்லாந்திலும் சாதாரண மக்கள் பலர் நிலையான குடும்பப் பெயர் இன்றியே வாழ்ந்தனர். 1811 இல் நெப்போலியனின் கட்டளை வந்த பின்னர்தான் எல்லாரும் ஒரு பெயரைப் பதிந்தாக வேண்டியதாயிற்று.

இந்த வகைகளில் எதிலே ஒண்டாச்சியைச் சேர்ப்பது? அது ஓர் ஊரன்று, தொழிலன்று, விலங்குமன்று. ஒல்லாந்த மொழியிலே அதற்குப் பொருள் காண முடியாது. பெயரின் வால் மட்டுமே ஒல்லாந்தம். ரீ, ஜே, ஈ என்ற மூன்று எழுத்துகள் சொல்லின் இறுதியிலே வந்தால் அம்மொழியில் அது சிறுமையைக் குறிக்கும் விகுதி. நமது லாச்சியும் அந்த விகுதி பெற்ற சொல்தான். 'லா' என்றால் இழுப்பறை. விகுதி சேர்ந்தால் சின்ன இழுப்பறை. அதைக் காதால் கேட்ட தமிழன் 'லாச்சி' என்றான். இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 'ஒண்டாச்சி' என்று ஒரு தமிழன் தன் பெயரைச் சொல்லுகிறான். எழுதுகோலோடு இருக்கும் ஒல்லாந்தன் அந்த 'ஆச்சி'யை எப்படி எழுதுவான்? லாச்சியை எழுதும் அதே எழுத்துகளால்தான். தமிழ் ஒலிக்கு ஒல்லாந்தச் சட்டை நன்றாகவே பொருந்திவிட்டது.

நமது பத்திரிகைகள் அந்த எழுத்துகளை ஆங்கில வழியாகப் படித்து 'ஒன்டாட்ஜே' என்றும் 'ஒந்தாத்யே' என்றும் அச்சிடுவதுண்டு. நம் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்து வாசலிலே நிற்க, நாம் கடவுச்சீட்டைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைப்பது போன்றது இது.

சரி, அந்தத் தமிழன் யார்? 1982 இல் வெளிவந்த தமது குடும்ப வரலாற்று நூலிலே மைக்கல் ஒண்டாச்சி ஒரு கதை சொல்லுகிறார். மூதாதை ஒரு வைத்தியர். 1600 இல் வந்தவர். ஆளுநரின் மகளை ஒரு மூலிகையால் குணப்படுத்தி நிலமும், அந்நிய மனைவியும், ஒல்லாந்த எழுத்திலே புதிய பெயரும் பெற்றாராம். நல்ல கதை. ஆனால் 1600 இல் இலங்கையிலே ஒல்லாந்த ஆளுநர் ஏது? அவர்களின் கப்பல் மட்டக்களப்புக்கு முதன்முதல் வந்ததே 1602 இல். கொழும்பு போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் கைக்கு வந்தது 1656 இல்.

குடும்ப வம்சாவளிக் குறிப்புகள் தருவது வேறு ஆண்டு. தஞ்சாவூரைச் சேர்ந்த மைக்கல் யூரி ஒண்டாச்சி என்ற வைத்தியரை, ஆளுநர் ஆட்றியான் வன் டெர் மெய்டன், தம் மனைவியின் நோய்க்கு மருத்துவம் பார்ப்பதற்காக 1659 இல் வரவழைத்தார் என்பது அக்குறிப்பு. எனக்கு இதுவே ஏற்புடையதாகப் படுகிறது. தஞ்சையின் கடல்வாசலான நாகபட்டினம் அதற்கு முந்திய ஆண்டு, 1658 இல், ஒல்லாந்தர் வசமாயிற்று. தஞ்சை வைத்தியனின் புகழ் கொழும்புக் கோட்டைக்குள் எட்டுவதற்கு வழி திறந்தது அப்போதுதான். கதையிலே மகளாக வருபவர் குறிப்பிலே மனைவியாக இருப்பதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஒரு குடும்பம் முந்நூறு ஆண்டு சொல்லிவந்த கதையிலே மருந்தும் மருத்துவனும் மாறாமல் நின்றதே வியப்பு.

தஞ்சாவூரிலேயே இருந்திருந்தால் இவரது பெயர் மகனுக்கு முதலெழுத்தாகி, பேரனோடு மறைந்திருக்கும். கொழும்பிலே ஒல்லாந்த ஏட்டிலே பதியப்பட்டதனால் அது அசையாமல் நின்றுவிட்டது. இன்னொன்றும் நின்றது. 'யூரி', 'யூரியான்' என்பன ஜோர்ஜ் என்ற பெயரின் ஒல்லாந்த வடிவங்கள். பின்வந்தோரிலும் வில்லெம் யூரியான், பீற்றர் பிலிப் யூரியான் என்று அது தொடர்வதைக் காண்கிறோம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நமக்கு இது புதிதன்று.

இந்துக் கல்லூரியிலே தமிழ் படிப்பிக்கும் நான் இதையெல்லாம் உயர்தர வகுப்பிலே ஒருநாள் சொன்னேன். "அப்ப அவர் தமிழரோ, சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். 1908 இல் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியம், உறுப்புரிமைக்குத் தந்தை வழியையே அளவுகோலாகக் கொண்டது. அந்த அளவுகோலை வைத்தால் ஒண்டாச்சி தஞ்சாவூர்க்காரர் என்றேன். கொழும்புச் செட்டிச் சமூகத்தோடு இக்குடும்பத்தைச் சேர்த்துச் சொல்வோரும் உண்டு என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. "தகப்பன்மாரை மட்டும் பிடிச்சுக்கொண்டு போறியள். தாய்மாரின்ரை பெயரெல்லாம் எங்கை?" என்றான்.

குடும்பப் பெயரைத் தேடிச் செல்லும் எவரையும் திகைக்க வைக்கும் கேள்வி இது. ஏனெனில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெயர் பதிவாகும்போது இன்னொன்று அழிந்திருக்கிறது. போர்த்துக்கேயப் பெயர்களும் ஒல்லாந்தப் பெயர்களும் இவ்வாறு இக்குடும்பத்துள் வந்து கரைந்துள்ளன.

ஒரேயொரு தாயின் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்தது. போதகர் வில்லெம் யூரியான் ஒண்டாச்சி மணந்தவர், அம்ஸ்ரடாமைச் சேர்ந்த ஹெர்மினா குவின்ற். இவர்களின் மகன் பீற்றர் பிலிப் யூரியான் 1758 இல் கொழும்பிலே பிறந்து, படிப்புக்காக நெதர்லாந்து சென்றார். யூட்றெக்ற் நகரிலே மாணவராயிருந்தபோதே மக்களாட்சி வேண்டிய 'தேசபக்தர்' இயக்கத்தின் முன்னணிக்கு வந்தார். 1787 இல் பிரஷ்யப் படை புகுந்து இயக்கத்தை நசுக்கியபோது நாட்டைவிட்டு ஓடினார். 1795 இல் ஆட்சி மாறியபின் திரும்பினார். 1818 இல் பத்தாவியாவிலே, இன்றைய ஜகார்த்தாவிலே, காலமானார். நெதர்லாந்தின் வரலாற்று நூல்களிலே அவருக்குத் தனியிடம் உண்டு. அங்கே அவரைக் 'குவின்ற் ஒண்டாச்சி' என்கிறார்கள். முற்பாதி அம்ஸ்ரடாம், பிற்பாதி தஞ்சாவூர்.