பூவிலேயே விலை பேசலாமா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவன் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



சென்ற வாரம் ஜுமுஆ முடிந்தபின், அறுபது வயதைக் கடந்த ஒரு சகோதரர் என்னிடம் இரு கேள்விகளைக் கேட்டார். மானாவாரி நிலம் ஓர் ஏக்கர் சும்மா கிடக்கிறது, அதில் புளி வைத்தால் பலன் காண நான் இருப்பேனா என்பது முதலாவது. செலவுக்குக் கையில் பணமில்லை. வாப்பா வைத்த எட்டு மரங்களின் காய்ப்பை ஐந்தாண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தால் மொத்தமாகப் பணம் தருவதாக வியாபாரி கூறுகிறார், வாங்கலாமா என்பது இரண்டாவது.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம். அதிலிருந்து திருடப்பட்டதும் தர்மமே என்று முஸ்லிமின் மற்றோர் அறிவிப்பில் உள்ளது. புளிய மரத்தில் கல்லெறியும் சிறுவர்களை விரட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்! அரபுகள் புளியை ‘தம்ருல் ஹிந்தீ’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றழைத்தனர். ஆனால் இம்மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கின்றனர் தாவரவியலார். என்றோ, யாரோ கொண்டுவந்து நட்டதைத்தான் நாம் இன்று குழம்பில் கரைக்கிறோம்.

விதையிலிருந்து வளரும் புளி காய்க்க ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 போன்ற ஒட்டுக்கன்றுகள் நாலைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். கன்றுக்குக் கன்று 10 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 40 கன்றுகள். முதலிரு கோடைகளில் தண்ணீர் ஊற்றிக் காத்துவிட்டால், பின்னர் வறட்சியை அது தானே தாங்கும். பேய் குடியிருக்கும் என அஞ்சி இம்மரத்தை வெட்டுவோர் நம்மிலும் உண்டு; தவ்ஹீதை மொழிந்த நாவு பேசும் பேச்சா அது?

இரண்டாம் கேள்விக்கு வருவோம். மதீனாவில் மக்கள் கனியுமுன்பே பழங்களை விற்றுவந்தனர். பறிக்கும் காலம் வந்ததும், நோய் விழுந்துவிட்டது, பிஞ்சு கருகிவிட்டது என வாங்கியவர் வழக்குக் கொண்டுவருவார். இத்தகைய வழக்குகள் பெருகியதை ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் விவரிப்பதை புகாரீயில் காணலாம். கனிவு வெளிப்படும் வரை பழங்களை விற்பதை, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்த்தே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அல்லாஹ் அப்பழத்தைத் தடுத்துவிட்டால் உன் சகோதரனின் பணத்தை எதற்கு ஈடாக எடுப்பாய் என்றும் வினவினார்கள். பல ஆண்டுகளின் விளைச்சலை முன்கூட்டி விற்பதற்கும் தடை உண்டு என ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபில், உடனே பறித்துவிடுவது எனும் நிபந்தனையின்றிப் பிஞ்சை விற்றால் அவ்வியாபாரம் செல்லாது. ஹனஃபி மத்ஹபிலும், மரத்திலேயே விட்டுவைப்பதாக நிபந்தனையிட்டால் அது பழுதான வியாபாரமே. இன்னும் பூக்காத ஆண்டுகளின் காயை விற்க இரண்டிலும் இடமில்லை. குத்தகை என்று பெயர் சூட்டினாலும் பொருள் மாறிவிடாது.

புளியில் கனிவை எப்படி அறிவது? ஆனி வாக்கில் பூத்தது தை, மாசியில்தான் பழுக்கிறது. செங்காயாகிச் சதை சுருங்க, ஓடு விட்டு நிற்கும். ‘புளியம்பழமும் ஓடும் போல’ என்கிறோமே, அந்த நிலை. குலுக்கினால் ஓசையே சொல்லிவிடும். அப்போது விலை பேசுங்கள். பூவில் வாங்கிய வியாபாரி, மழையில் பிஞ்செல்லாம் உதிர்ந்தபின் வெறுங்கையோடு திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். பணம் பெற்றவர் அதைத் தன் நற்பேறு என்றே பேசினார்.

நாற்பதுக்கு வசதியில்லையெனில் பத்துக் கன்றுகளோடு தொடங்குங்கள் என்று அச்சகோதரரிடம் கூறினேன். குழி எடுக்கத் தொடங்கிவிட்டார். நம் கபரஸ்தானிலுள்ள மூன்று புளிய மரங்களும் ஆண்டுதோறும் பூவிலேயே ஏலம் போகின்றன. நிர்வாகிகள் இவ்வாண்டு அதைத் தை மாதத்திற்குத் தள்ளிவைக்குமாறு இந்த மிம்பரிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.