வாசலுக்கு வெளியே காத்திருப்பவர் யார்?

(பொன்விழாவின் இரண்டாம் நாள் மாலை, கோவில் வளாகத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கோவில் எழுந்த வரலாற்றை நாங்கள் சொல்ல வேண்டும் என்பது விழாக் குழுவினரின் விருப்பம். ஆனால் நேற்று மாலை உபதேசியார் ஐயா அதை எங்களைவிடச் சிறப்பாகச் சொல்லி முடித்துவிட்டார். எனவே வேறொன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். விழா மேடைக்கு ஏற்ற பொருள்தானா என்று ஒரு பெரியவர் ஐயப்பட்டார். ஐம்பது ஆண்டு நிறைந்த ஒரு குடும்பம் இதைப் பேசாமல் வேறு எப்போது பேசப் போகிறது என்று பதில் சொன்னோம்.

இப்பங்கிற்கு வருமுன், 2016 முதல் 2021 வரை, வேறொரு மாவட்டத்தில், அரசின் கூர்நோக்கு இல்லம் ஒன்றுக்குச் சனிக்கிழமைதோறும் சென்று வந்தோம். இரண்டு அருட்சகோதரிகள், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், தையற்கடை வைத்திருக்கும் இஸ்லாமிய அன்பர் ஒருவர், ஒரு குரு என ஐந்து பேர். ஐவரில் ஒரு சனிக்கிழமை கூடத் தவறாமல் வந்தவர் அந்தத் தையற்கடைக்காரர்தான் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம்.

கூர்நோக்கு இல்லம் என்றால் என்ன? நம் ஊரில் அதைச் 'சிறுவர் ஜெயில்' என்கிறார்கள். வயதில் மூத்தவர்கள் 'சீர்திருத்தப் பள்ளி' என்பார்கள். வெள்ளைக்காரர் காலத்திலேயே, 1876-இல், சீர்திருத்தப் பள்ளிகளுக்கென ஒரு சட்டம் வந்தது. 1920-இல் நமது சென்னை மாகாணம், இந்தியாவிலேயே முதலாவதாக, குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. நாம் பெருமைப்படத்தக்க செய்தி இது. பள்ளிப் புத்தகங்களில் ஏனோ காணோம். பிறகு 1986, 2000, 2015 என இளைஞர் நீதிச் சட்டங்கள் வந்தன. இப்போது நடப்பில் உள்ளது 2015-ஆம் ஆண்டின் சட்டம். பதினெட்டு வயது நிரம்பாத ஒருவன் குற்றம் செய்தான் என்று பிடிபட்டால், அவனைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அக்குழுமத்தில் நீதித்துறை நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அமர்வார்கள். அவ்விருவரில் ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டும். விசாரணை முடியும்வரை பையன் தங்கும் இடமே கூர்நோக்கு இல்லம். குற்றம் செய்தான் என்று கண்டால், புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், நன்னடத்தையின் பேரில் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம், சிறப்பு இல்லத்திற்கு மூன்றாண்டு வரை அனுப்பவும் செய்யலாம்.

"கொலை செய்தவனையுமா இப்படித் தட்டிக் கொடுப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதினாறு வயது நிரம்பியவன் கொடிய குற்றம் செய்திருந்தால், அவனைப் பெரியவனைப் போல் விசாரிக்க வேண்டுமா என்று குழுமம் ஆராய்ந்து பார்க்க இச்சட்டம் இடம் தருகிறது. சங்கிலி பறிகொடுத்து, கழுத்தில் தழும்போடு இருக்கும் ஒரு தாயை நாங்களே சென்று சந்தித்தோம். "அவனுக்குக் கேரம் விளையாடக் கற்றுக் கொடுக்கிறீர்களாமே சாமி" என்றார் அந்த அம்மா. அதற்கு அன்றும் எங்களிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. இரு பக்கமும் அழுகை உண்டு என்பதை மறந்து இப்பணியைச் செய்ய முடியாது. அவ்வளவே சொல்ல முடிகிறது.

குருமடத்தில் மூன்றாண்டு தத்துவமும் நான்காண்டு இறையியலும் பயின்றோம். பைக் திருடிய பதினாறு வயதுப் பையனிடம் எப்படிப் பேசத் தொடங்குவது என்று அங்கே பாடம் நடத்தவில்லை. முதல் இரண்டு மாதம் பிரசங்கம் செய்தோம். பையன்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போகும்போது "தேங்க் யூ ஃபாதர்" என்றும் சொன்னார்கள். மூன்றாம் மாதம் ஒருவன் எழுந்து, "ஃபாதர், நான் வெளியே போனா எனக்கு யாரு வேலை தருவாங்க?" என்று கேட்டான். பிரசங்கம் அன்றோடு நின்றது. தமிழாசிரியர் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். தையற்கடைக்காரர் ஒரு பழைய மிஷினைக் கொண்டுவந்து போட்டார். சகோதரிகள் தாய்மாருக்குக் கடிதம் எழுத வைத்தார்கள். நாங்கள் பெரும்பாலும் கேரம் ஆடித் தோற்றோம்.

இங்கே அரசு ஊழியர்களைப் பற்றி ஒரு சொல். நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் உண்டு. பையனின் வீட்டுக்குப் போய், அக்கம் பக்கம் விசாரித்து, அவன் ஏன் இப்படியானான் என்று பதினைந்து நாளுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டியவர் அவர். எங்களுக்குப் பழக்கமான அலுவலர் பல நாள் தம் கைக்காசில் பஸ் ஏறிப் போனவர். அரசாங்க வேலை என்றால் ஏனோதானோ என்று நினைப்பவர்கள் அவரைப் பார்த்ததில்லை.

இனி, நாங்கள் சொல்ல வந்ததற்கு வருகிறோம். இது எங்கள் பிழையின் கதை.

2018-இல் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வந்தான். பெயர் சொல்ல மாட்டோம். சட்டமும் அதைத் தடுக்கிறது. தகப்பன் இல்லை. தாய் பூ விற்பவர். வளர்ந்த ஆட்கள் சிலர் திருட்டு பைக்குகளை அவனிடம் கொடுத்து, அடுத்த ஊர்வரை ஓட்டிக் கொண்டுபோய் விடச் சொல்வார்கள். தடவைக்கு 500 ரூபாய். பிடிபட்டவன் அவன், அந்த ஆட்கள் அல்ல. குழுமம் அவனை நன்னடத்தையின் பேரில் தாயிடம் ஒப்படைத்தது. நாங்கள் ஓடியாடி, எங்களுக்கு வேண்டிய ஒருவரின் டூ வீலர் பட்டறையில் அவனை வேலைக்குச் சேர்த்தோம். சேர்க்கும்போது, நல்லெண்ணத்தோடுதான், முதலாளியைத் தனியே அழைத்து, "கூர்நோக்கு இல்லத்திலிருந்து வந்த பிள்ளை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வைத்தோம்.

ஏழு மாதம் பையன் ஒழுங்காக இருந்தான். கிளட்ச் வயர் மாற்றவும் இன்ஜினைப் பிரித்துப் பூட்டவும் கற்றுக்கொண்டான். அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கி 700 ரூபாய் சேர்த்திருந்தான். அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினான். எட்டாம் மாதம் பட்டறை மேசையிலிருந்து 4,000 ரூபாய் காணாமற்போனது. வேலையாள் நால்வர் இருந்தும், ஒருவனை மட்டும் சட்டைப் பையைக் காட்டச் சொன்னார்கள். அன்று மாலையே வெளியே அனுப்பினார்கள். முதலாளியின் மைத்துனர் உதிரி பாகக் கடைக்குக் கட்ட அந்தப் பணத்தை எடுத்துப் போனது மூன்று நாள் கழித்துத் தெரிய வந்தது. முதலாளி நல்ல மனிதர்; அவரே வீடு தேடிப் போனார். பையன் அங்கே இல்லை. பழைய ஆட்களிடம் போய்விட்டிருந்தான்.

மறு ஆண்டு அதே இல்லத்திற்குத் திரும்ப வந்தான். எங்களைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். நான்காவது சனிக்கிழமைதான் பேசினான். கேட்டது ஒரே கேள்வி: "ஃபாதர், அவருக்கு யாரு சொன்னது?"

நாங்கள்தான் என்று சொன்னோம். வேறென்ன சொல்ல முடியும்?

அன்பார்ந்தவர்களே, அந்த இரவு சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தோம். முன்னரே படித்திருக்க வேண்டும். இச்சட்டப்படி நடத்தப்பட்ட பிள்ளைக்கு அக்குற்றத்தின் பேரால் எந்தத் தகுதிக் குறைவும் வரலாகாது என்கிறது 24-ஆம் பிரிவு. பெரியவனைப் போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விலக்கு. வழக்கின் பதிவேடுகளைக் காலம் கடந்தபின் அழித்துவிடச் சொல்கிறது. 74-ஆம் பிரிவோ, அவனை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நன்னடத்தைச் சான்றுக்காகக் கேட்டால்கூடப் போலீசார் அந்தப் பதிவைச் சொல்லலாகாது. அரசாங்கம் அழிக்கச் சொன்ன ஏட்டை, ஒரு குரு வாயால் திரும்ப எழுதியிருக்கிறார். நம் தெருக்களும் அப்படித்தானே? தேநீர்க் கடையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் நாம் வைத்திருக்கும் ஏட்டை எந்தக் குழுமம் வந்து அழிக்கும்?

1841-இல் குருப்பட்டம் பெற்ற தொன் போஸ்கோ, புனித கஃபாசோவின் வழிகாட்டுதலில் தூரின் நகரச் சிறைகளுக்குச் சென்றார். இனி நல்லபடி வாழ்வோம் என்று உறுதியோடு வெளியேறிய சிறுவர்கள் சில நாளிலே திரும்பி வருவதைக் கண்டார். வெளியே அவர்களுக்கென்று ஒரு நண்பர் இல்லாததே காரணம் என்று தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தார். அவருடைய சபையார் 1906-இல் நம் தஞ்சாவூருக்கு வந்ததை அறிவீர்கள். திருத்தந்தை பிரான்சிஸ், தாம் பொறுப்பேற்ற 2013-ஆம் ஆண்டின் பெரிய வியாழனன்று, உரோமையிலுள்ள இளங்குற்றவாளிகள் இல்லத்திற்குச் சென்று பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் இருவர் பெண்பிள்ளைகள். நாமும் ஆண்டுதோறும் பாதம் கழுவுகிறோம். பங்கில் யாருடைய பாதங்கள் என்று பட்டியல் போடும்போது ஏற்படும் மனத்தாங்கல்கள் உங்களுக்குத் தெரியாததல்ல!

அந்தப் பையனைக் குழுமம் ஓராண்டு சிறப்பு இல்லத்தில் வைத்தது. 2020-இல் வெளியே வந்தபோது தையற்கடைக்காரர் வாசலில் நின்றார். கடையில் சேர்த்துக்கொண்டார். அவன் எங்கிருந்து வந்தான் என்று தம் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. நாங்கள் மாற்றலாகி இங்கு வந்த பின் இரண்டு கிறிஸ்துமஸ்களுக்கு அவனிடமிருந்து போன் வந்தது. மூன்றாம் ஆண்டு வரவில்லை, எண் மாறிவிட்டது. தையற்கடைக்காரரைக் கேட்டால், "நல்லா இருக்கான், சாமி, அதுக்கு மேல கேக்காதீங்க" என்கிறார். அவர் எங்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டவர்.

இப்பங்கில் அப்படித் திரும்பி வந்த பிள்ளை யாரேனும் உண்டா என்று கேட்காதீர்கள். இருந்தாலும் சொல்ல மாட்டோம். பட்டறை, அச்சகம், தச்சுக்கூடம், பேக்கரி வைத்திருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். "ஒரு பையன் இருக்கிறான், வேலை கொடுங்கள்" என்று நாங்கள் வந்து நிற்போம். எங்கிருந்து வருகிறான் என்று நீங்கள் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வராது. கேளாமல் வேலை கொடுக்க மனமுள்ளவர்கள் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

இந்த மாவட்டத்துக் கூர்நோக்கு இல்லத்திற்குச் செல்லக் கண்காணிப்பாளரிடம் அனுமதி பெற்றாயிற்று. வரும் சனிக்கிழமை பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கோவில் வாசலில் வேன் நிற்கும். எட்டுப் பேருக்கு இடமுண்டு. ஆசிரியர்களும் மின் வேலை தெரிந்தவர்களும் வந்தால் நல்லது. ஒன்றும் தெரியாதவர்கள் கேரம் ஆட வரலாம். அங்குள்ள பலகையில் இரண்டு காய் குறைகிறது. யார் வீட்டிலாவது பழைய காய்கள் இருந்தால் எடுத்து வாருங்கள்.