எம்.சி.பி.க்குத் தெரியாத இரண்டு கணக்குகள்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மின்பொறியாளர் இல்லை. படித்தது பி.காம்., பார்த்தது வங்கியில் கிளார்க் வேலை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரியும். இன்று பேசப்போவதற்கு அது போதும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் எங்கள் குளியலறையில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பார்த்தால், கீசர் சாக்கெட் ஒரு பக்கம் உருகியிருந்தது. எம்.சி.பி. மட்டும் விழவே இல்லை. எலெக்ட்ரீஷியன் வந்து, "உள்ளே ஸ்க்ரூ லூஸ் சார்" என்று சொல்லி வேறு சாக்கெட் மாற்றிவிட்டுப் போனார். உருகும் அளவுக்குச் சூடு வந்தும் எம்.சி.பி. ஏன் சும்மா இருந்தது? பேத்தியின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை வாங்கி, மின்னோட்டவியல் பாடத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜெர்மனியில் ஆசிரியராக இருந்த ஓம் என்பவர் 1827-ல் எழுதிவைத்த விதி இது: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, அதன் அலகு அவர் பெயரிலேயே ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் திறன், அதாவது வாட். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட்.

கீசர் 2,000 வாட். 2,000-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் கீசரின் மின்தடை சுமார் 26.4 ஓம். (இந்த நேர்க்கணக்கு கீசர், இஸ்திரிப் பெட்டி போன்ற சூடாக்கும் சாதனங்களுக்குத்தான். மோட்டார், ஏ.சி., ஃபிரிட்ஜ் போன்றவற்றின் கணக்கு கொஞ்சம் வேறு.)

இப்போது லூஸ் ஸ்க்ரூவுக்கு வருவோம். அந்த இடத்தில் அரை ஓம் தடை கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தடை 26.9. மின்னோட்டம் 8.5 ஆம்பியராகக் குறைகிறது. ஆமாம், குறைகிறது! எம்.சி.பி.யோ அதிகமானால் மட்டும் விழும். ஆனால் அந்த ஸ்க்ரூவில் உண்டாகும் வெப்பம் எவ்வளவு? ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, தடையால் பெருக்க வேண்டும். 8.5 பெருக்கல் 8.5, அதில் பாதி: சுமார் 36 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அதைவிட அதிகச் சூடு, சுவருக்குள் ஒரு சின்ன ஸ்க்ரூவில்.

இரண்டாவது கணக்கு இன்னும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை வந்தால் நம் பீர்க்கன்கரணைக்கு ஈரம் புதிதல்ல. 2015 டிசம்பரில் முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். காய்ந்த தோலுக்குத் தடை அதிகம். நனைந்துவிட்டால் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த இதில் பாதிகூட வேண்டாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது தூசு. ஓர் உயிர் போகும் மின்னோட்டம் அதன் கண்ணிலேயே படாது.

வங்கிப் பாஷையில் சொல்கிறேன். எம்.சி.பி. என்பது 'இவ்வளவுக்கு மேல் எடுக்கக்கூடாது' என்ற வரம்பு மட்டும். ஆர்.சி.சி.பி. என்பது சாயங்காலம் கேஷ் டேலி பார்க்கும் கேஷியர். பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று ஒவ்வொரு நொடியும் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, 'எங்கேயோ ஒழுகுகிறது' என்று கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதற்கும் ஓர் எல்லை உண்டு: ஒரே ஆள் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் கணக்கு டேலி ஆகிவிடும், அது விழாது. அதனால் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று ஒயரில் கை வைக்காதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது மூன்றே காரியம்.

ஒன்று, எதையும் சொருகும் முன் வாட்டை 230-ஆல் வகுத்துப் பாருங்கள். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 1,380 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு, கீசர் எதுவும் அதில் வேண்டாம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் வேண்டாம்.

இரண்டு, இஸ்திரி போட்டு முடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, காய்ந்த கையால் பிளக்கின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட்டால், அந்தச் சாக்கெட்டைப் பயன்படுத்தாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மூன்று, இன்று வீட்டுக்குப் போனதும் மெயின் போர்டில் 'டெஸ்ட்' பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள். இல்லவே இல்லையென்றால் மழைக்கு முன் போட்டுவிடுங்கள். நம் செய்திமடல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. வரும்போதெல்லாம் அந்தப் பட்டனையும் ஒருமுறை அழுத்துங்கள்.

வங்கியில் கணக்கு உதைத்தால் இரவு உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்துவிடுவோம். இந்தக் கணக்கில் தவறினால் மறுநாள் திருத்த முடியாது.