டீ மாஸ்டரும் ஹெட்செட்டும்

காலை ஆறரை மணிக்கு டீக்கடைப் பக்கம் போயிருக்கிறீர்களா? இருபது பேர் சூழ்ந்து நிற்பார்கள். ஒருத்தருக்கு ஸ்ட்ராங், இன்னொருத்தருக்குச் சர்க்கரை கம்மி. மாஸ்டர் அசருவதே இல்லை. எந்த டீயை முதலில் ஆற்றுவது என்பது அவர் இஷ்டம்!

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை. ஹெட்செட்டை மாட்டினால் ஒரு அழைப்பு முடியுமுன் அடுத்தது காத்திருக்கும். பேச வேண்டிய வாக்கியத்தைக்கூட எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தால் திரையில் நிமிஷக் கணக்கு ஓடும். சேரும்போது படபடவென்று பேசியவள், ஆறே மாதத்தில் வாடிக்கையாளர் பெயரை மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை' என்றாராம் மேலாளர். அவருக்கென்ன, அவர் நினைத்தபோது எழுந்து போகலாம்.

ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஸ்வீடன், அமெரிக்கத் தொழிலாளர்களின் விவரங்களை வைத்து 1979-இல் எழுதினார்: வேலைப்பளு ஏறி, முடிவெடுக்கும் உரிமை குறையும்போதுதான் ஆள் நொந்துபோகிறான். உரிமை கையில் இருந்தால், அதே பளுவில் தொழில் கற்றுக்கொள்கிறான்.

அந்தப் பெண் இப்போது வேறு பிரிவில் இருக்கிறாள். புகார்கள் அங்கேயும் மலைபோலத்தான். எதை முதலில் எடுப்பது என்று அவளே தீர்மானிக்கிறாள். நேற்று எங்கள் வாசலில் நின்று அரைமணி நேரம் பேசினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.