பழைய ஸ்விஸ் டிரெஸ் வாட்ச்: மூன்று சாட்சிகளும் ஒரே கதை சொல்கிறார்களா?

போன எபிசோடில் மெக்கானிக்கல் கீபோர்டு பற்றிப் பேசினோம். இன்னிக்கு பேட்டரியும் சிப்பும் இல்லாத ஒரு மெஷின் பற்றி. 1940கள், 50கள், 60களில் ஸ்விட்சர்லாந்தில் செய்த டிரெஸ் வாட்ச். வார நாட்களில் சர்வர் லாக் பார்க்கிற ஆள் நான். வார இறுதியில் பத்து மடங்கு லூப் வெச்சு இந்த வாட்ச்களைப் பார்க்கிறேன். ரெண்டு வேலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஏன்னு போகப்போகத் தெரியும்.

முதலில் டிரெஸ் வாட்ச்னா என்ன? முழுக்கைச் சட்டையின் கஃபுக்குள் சத்தமில்லாமல் நுழைஞ்சுக்கிற மெல்லிய வாட்ச். பெரும்பாலும் 33 முதல் 36 மில்லிமீட்டர் அகலம். ரெண்டு முள், கூடவே 6 மணி இடத்தில் குட்டி வட்டத்துக்குள் ஓடும் விநாடி முள். தோல் ஸ்ட்ராப். பெரும்பாலும் தினமும் சாவி கொடுக்கணும். தண்ணி ஆகவே ஆகாது. 1932இல் பட்டேக் ஃபிலிப் கொண்டுவந்த காலட்ராவா, ரெஃபரன்ஸ் 96, இந்த வகைக்கு இலக்கணம் மாதிரி. அதன் அகலம் சுமார் 31 மில்லிமீட்டர். இன்னிக்கு ஷோரூமில் அதை லேடீஸ் வரிசையில் வெச்சிடுவாங்க.

1969 டிசம்பரில் சீகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதினைஞ்சு வருஷத்தில் ஸ்விஸ் தொழிலே ஆட்டம் கண்டது. சாவி கொடுக்கிற வாட்ச்கள் மேஜை டிராயருக்குள் போயிடுச்சு. அங்கிருந்துதான் இப்போ கலெக்டர் கைக்கு வருது.

டிராயரில் தூங்கினா பரவாயில்லை. தங்கம் விலை ஏறும்போதுதான் ஆபத்து. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டப்போ, தங்கக் கேஸ் போட்ட வாட்ச்கள் நிறைய உருக்கப்பட்டன. கேஸைக் கழட்டி எடைக்குப் போட்டுட்டு, உள்ளே இருந்த மெஷினைத் தனியா வித்தாங்க. இன்னிக்கு தங்கம் அந்த விலையைத் தாண்டி எங்கேயோ போயாச்சு. பாட்டியோட பழைய நகையை அழிச்சு புதுசா செய்யறது நம்ம வீடுகளில் சகஜம். அழிச்ச வளையல் வேற வளையலா திரும்பி வரும். அழிச்ச வாட்ச் கேஸ் திரும்பி வராது.

இப்படி அநாதையான மெஷின்கள் வேறு கேஸ், வேறு டயலோடு சேர்ந்து மறுபடி சந்தைக்கு வருது. கலெக்டர்கள் இதுக்கு ஃப்ராங்கன்வாட்ச்னு பேர் வெச்சிருக்காங்க. அதனால "இது ஒரிஜினல் ஒமேகாவா?" என்று மட்டும் கேட்டால் போதாது. எல்லாப் பாகமும் ஒமேகாவாகவே இருக்கலாம். "இந்தப் பாகங்கள் எல்லாம் முதலிலிருந்தே ஒன்றாக இருந்தவையா?" என்று கேட்கணும்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று சாட்சிகள் இருக்காங்க: மெஷின், கேஸ், டயல். மூன்று சர்வரிலிருந்து வர்ற லாக் மாதிரி. டைம்ஸ்டாம்ப் ஒத்துப்போகணும். தனித்தனியா விசாரிப்போம்.

முதல் சாட்சி: மெஷின்

உதாரணத்துக்கு ஒமேகாவின் 30 மில்லிமீட்டர் மெஷினை எடுத்துக்குவோம். 1939இல் வந்தது. அதன் ஆரம்பப் பெயர்களில் ஒன்று 30 டி 2. அந்தக் காலத்தில் வானியல் ஆய்வகங்கள் நடத்தின துல்லியப் போட்டிகளில் கைக்கடிகாரப் பிரிவுக்கு விட்டத்தின் வரம்பும் 30 மில்லிமீட்டர்தான். வரம்புக்குள்ள எவ்வளவு பெரிய பேலன்ஸ் வீல் வைக்க முடியுமோ வெச்சாங்க, பரிசும் வாங்கினாங்க. 1963 வரை ஏறத்தாழ 30 லட்சம் மெஷின் செய்திருக்காங்க. செம்பு நிறப் பூச்சு, பார்த்தவுடனே தெரியும். பின்னால் பெயர் எண்ணாக மாறியது. 265, 266 என்றால் 6 மணி இடத்தில் சின்ன விநாடி முள். 283, 284 என்றால் நடுவிலிருந்து ஓடும் விநாடி முள்.

மெஷினில் வெட்டியிருக்கும் சீரியல் எண்தான் டைம்ஸ்டாம்ப். 1 கோடி என்றால் சுமார் 1944. 1 கோடியே 20 லட்சம் என்றால் சுமார் 1950. 1 கோடியே 40 லட்சம் சுமார் 1954. 1 கோடியே 60 லட்சம் சுமார் 1958. ஒரு ரெண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும். ஆனா பத்து வருஷம் தள்ளாது.

இது மணிக்கு 18,000 தட்டு தட்டுகிற மெஷின். விநாடிக்கு 5, ஒரு நாளைக்கு 4,32,000. ஒரு நாளில் 10 விநாடி தப்பினால்கூட 8,640இல் ஒரு பங்குதான் பிழை. எழுபது வயசு மெஷின் சர்வீஸுக்கு அப்புறம் இதைச் செய்யும்போது, நம்ம கோடு எழுபது வருஷம் ஓடுமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

ரெண்டாவது சாட்சி: கேஸ்

பின்மூடியின் உள்பக்கம் ரெஃபரன்ஸ் எண் இருக்கும். 1962 வாக்கில் ஒமேகா எண் முறையை மாத்தி, ஆறு இலக்கத்துக்குப் போனது. அந்த முறையில் 12 என்று ஆரம்பித்தால் ஆண்கள் வாட்ச், கைச்சாவி, சின்ன விநாடி முள். 13 என்றால் நடு விநாடி முள். இப்போ மெஷின் சீரியல் 1954 சொல்லுது, பின்மூடியில் ஆறு இலக்க எண் இருக்கு. ரெண்டு லாக்குக்கும் நடுவில் எட்டு வருஷம். யாரோ கை வெச்சிருக்காங்க.

ஒரு விதிவிலக்கு. பேலன்ஸ் வீலைப் பிடிச்சிருக்கும் பிரிட்ஜில் ஓ, எக்ஸ், ஜி என்று மூன்று எழுத்து இருந்தா, அது அமெரிக்காவுக்குப் போன மெஷின். மெஷினை மட்டும் இறக்குமதி செய்து, கேஸை அங்கேயே செய்து போட்டது உண்டு. அந்த வாட்ச்சில் அமெரிக்கக் கேஸ் இருந்தா சந்தேகப்பட வேண்டாம்.

தங்கம் என்றால் முத்திரையைப் பாருங்க. நம்ம நகைக்கடை 916 மாதிரி, அங்கே 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14 காரட். ஸ்விஸ் 18 காரட்டுக்கு ஹெல்வெஷியா என்ற பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு அணில். 1995இல்தான் ரெண்டுக்கும் பொதுவா செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை வந்தது. 1955 வாட்ச்னு சொல்லி நாய் முத்திரையைக் காட்டினா, நன்றி சொல்லிட்டு எழுந்துடுங்க. "20 மைக்ரான்" என்று எழுதியிருந்தா அது தங்க முலாம். முலாம் மோசம் இல்லை. அதைத் தங்கம்னு விற்பதுதான் மோசம்.

அடுத்து ஓரங்கள். ஸ்ட்ராப் மாட்டுகிற காதுகளின் விளிம்பு கூர்மையா இருக்கணும். சோப்புக்கட்டி மாதிரி வழவழன்னு உருண்டிருந்தா, பாலிஷ் பல தடவை சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம்.

மூன்றாவது சாட்சி: டயல்

சாட்சியைக் கலைக்கிறது அதிகம் நடப்பது இங்கேதான். மங்கின டயலைத் துடைச்சு, மேலே புதுசா பெயின்ட் அடிச்சு, பெயரை மறுபடி அச்சடிப்பாங்க. ரீடயல் என்பாங்க. நம்ம நாட்டிலிருந்து போகும் இந்த மாதிரி வாட்ச்களுக்கு வெளிநாட்டுக் கலெக்டர்கள் "மும்பை ஸ்பெஷல்" என்று கிண்டலாகப் பேரே வெச்சிருக்காங்க.

எனக்கு அந்தக் கிண்டலில் பாதிதான் சம்மதம். ஃபேவர் லியூபா 1865லேயே இந்தியாவுக்கு வந்த கம்பெனி. வெஸ்ட் எண்டு மாதிரி பிராண்டுகள் இங்கே தலைமுறை தலைமுறையா ஓடியிருக்கு. சுதந்திரத்துக்கு அப்புறம் இறக்குமதி கட்டுப்பாடு. ஸ்பேர் டயல் எங்கே கிடைக்கும்? இருக்கிற டயலைப் புதுப்பிச்சு வாட்ச்சை ஓட வெச்ச ரிப்பேர்காரர் ஏமாத்துக்காரர் இல்லை. அதை இன்னிக்கு "ஒரிஜினல் டயல், மிண்ட் கண்டிஷன்" என்று எழுதி விற்பவர்தான் பிரச்சினை.

லூப்பில் என்ன பார்க்கணும்? ஒண்ணு, நிமிஷக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேரா வருதான்னு பாருங்க. கையால் செய்த ரீடயலில் முடி அளவாவது விலகும். ரெண்டு, சின்ன விநாடி வட்டத்துக்குள் கிராமஃபோன் ரெக்கார்டு மாதிரி மெல்லிய வளையங்கள் இருந்திருந்தால், அதைப் பெயின்ட் மூடியிருக்கும். மூணு, முள் நீளம். நிமிஷ முள் நிமிஷக் கோட்டைத் தொடணும். எட்டலைன்னா வேற வாட்ச் முள். நாலு, அடியில் "ஸ்விஸ் மேட்" எழுத்தின் இடைவெளி. அதுக்கு ரெண்டு பக்கமும் டி என்ற எழுத்து இருந்தா, இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் இருக்குன்னு அர்த்தம். அது 1960களில் வந்த குறி. 1952 வாட்ச்சில் அது இருந்தா, டயல் பிற்பாடு வந்தது. பழைய ஒளிரும் பூச்சில் ரேடியம் இருக்கலாம். அதன் அரை ஆயுள் 1,600 வருஷம். அந்த டயலைச் சுரண்ட வேண்டாம்.

நேயர் கேள்வி

இந்த வாரம் வந்த ஒரு மெயில். தாத்தா சிங்கப்பூரில் வேலை பார்த்தப்போ வாங்கின ஒமேகா. டயலில் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கு. தங்கச்சி கல்யாணத்துக்குக் கட்டிக்கணும். கடையில் "டயலைப் புதுசு மாதிரி அடிச்சுத் தர்றோம்" என்கிறாங்க. செய்யலாமா அண்ணா?

தம்பி, சர்வீஸ் கண்டிப்பா பண்ணுங்க. காய்ஞ்ச எண்ணெயோட ஓட்டினா மெஷின் தேயும். கண்ணாடி மாத்தலாம், ஆனா பழைய ஒமேகா கண்ணாடியின் நடுவில் பொடி எழுத்தில் ஒமேகா குறி இருக்கும், அதைத் திரும்ப வாங்கி வெச்சுக்கங்க. ஸ்ட்ராப் புதுசா போடுங்க. டயலை மட்டும் தொட விடாதீங்க. மத்ததெல்லாம் ரிவர்ட் பண்ணக்கூடிய கமிட். டயலைத் துடைச்சா ரிவர்ட் கிடையாது. பழுப்புப் புள்ளி தாத்தா கையில் இருந்தப்போ ஏறின வயசு. கல்யாண ஃபோட்டோவில் அது தெரியப்போறதும் இல்லை.

கடையில் கொடுக்கும்போது ரசீதிலேயே எழுதி வாங்குங்க: டயல், முள், கேஸ் பாலிஷ் வேண்டாம், மாத்தின பாகங்களைத் திருப்பித் தரணும். ஒருவேளை தாத்தாவே 1970களில் டயலை மாத்தியிருந்தா? அதுவும் அவர் கதைதான், அப்படியே கட்டிக்கங்க. விற்கும் நாள் வந்தா மட்டும் வாங்குறவர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.

பேப்பரை நம்பலாமா?

2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் ஒரு 1957 ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. 2023இல் ஒமேகாவே, அது பெரும்பாலும் வேறு வேறு பழைய வாட்ச்களின் பாகங்களைக் கோத்தது, தன் முன்னாள் ஊழியர்களுக்கும் அதில் தொடர்பு இருக்கு என்று சொன்னது. அது டிரெஸ் வாட்ச் இல்லை, ஆனா பாடம் நமக்கும் பொருந்தும். சர்டிஃபிகேட் நாலாவது சாட்சி மட்டும்தான். முதல் மூணு பேரை விசாரிக்காம அதை நம்பாதீங்க.

எங்கே ஆரம்பிக்கலாம்?

ஸ்டீல் கேஸில் ஆரம்பிங்க. அதை யாரும் உருக்க மாட்டாங்க, அதனால் முழுசா பிழைச்ச வாட்ச் கிடைக்க வாய்ப்பு அதிகம். பெரிய பேர்தான் வேணும்னு இல்லை. 1971இல் வந்த பெஸோ 7001 மெஷின் 2.5 மில்லிமீட்டர் கனம்தான். நிறைய பிராண்டுகள் அதை வாங்கிப் போட்டிருக்காங்க. ஃபேவர் லியூபா 1962இல் ரெண்டு ஸ்பிரிங் டிரம் வெச்சு 2.95 மில்லிமீட்டரில் ஒரு மெஷின் செய்தது. நம்ம ஊரில் தேடினா கிடைக்கும். விலை பேசும்போது சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. மெஷின் ஃபோட்டோ தராதவர்கிட்ட வாங்காதீங்க.

வீட்டு பீரோவில் ஒரு பழைய வாட்ச் இருந்தா, இந்த வாரம் எடுத்துப் பாருங்க. கத்தியால் பின்மூடியை நெம்ப வேண்டாம், அரைச் சுற்றுக்கு மேல் சாவியும் கொடுக்க வேண்டாம். நல்ல ரிப்பேர்காரர்கிட்ட கொண்டுபோய்த் திறக்கச் சொல்லி, மெஷின், பின்மூடி, டயல் மூணையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோடில் உங்க வாட்ச்களையே ஒண்ணொண்ணா விசாரிப்போம். கூடவே, வீட்டில் பெரியவங்க இருந்தா அதை யார், எங்கே வாங்கினாங்கன்னு கேட்டு எழுதி வெச்சிடுங்க. அந்தத் தகவல் எந்தச் சீரியல் எண்ணிலும் கிடையாது.