விதியா? பற்றாக்குறையா?



கொரோனாக் காலத்தில் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த நர்சுகளிலும் டாக்டர்களிலும் எத்தனையோ பேர், நோய் தணிந்த பிறகும் தூக்கமில்லாமலும் வேலையில் மனம் ஒட்டாமலும் இருந்து வருகின்றார்கள். "பாவம், பயந்து போனார்கள்" என்று நம் ஜனங்கள் சொல்லுகின்றார்கள். பயந்தவர்களாயிருந்தால் அன்றைக்கே வேலையை விட்டு ஓடியிருக்க மாட்டார்களா என்று கேட்கின்றோம்.

இது பயமல்ல, மனச்சாட்சியில் பட்ட காயம். வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனாதன் ஷே என்னும் அமெரிக்க டாக்டர், 1994ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விளக்கியிருக்கின்றார். மேலே அதிகாரத்திலிருப்பவர்கள் நியாயத்திற்குத் துரோகம் செய்தால், கீழேயிருந்து காரியம் செய்தவனுடைய மனம் உடைந்து போகின்றது என்பதே அவர் கண்டது.

ஆஸ்பத்திரி சங்கதியும் அதுதான். 2021 ஏப்ரல், மே மாதங்களில் டில்லியில் பிராணவாயுவுக்குப் பெரும் பஞ்சம் வந்தது. 1-5-2021ல் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அது தீர்ந்து போய் 12 நோயாளிகள் மாண்டார்கள். அதில் ஒருவர் அந்த ஆஸ்பத்திரி டாக்டரே. சிலிண்டரின் முள் இறங்க இறங்க, பக்கத்தில் நிற்கும் நர்சம்மாள் என்ன செய்வார்? எல்லோருக்கும் அளவைக் குறைக்க வேண்டும்; அல்லது ஒருவருக்குக் கொடுத்து மற்றொருவருக்கு இல்லையென்க வேண்டும். இதற்காகவா அந்தம்மாள் படித்தார்? கிட்டே வரக்கூடாதென்று நிறுத்தப்பட்ட மகனுக்குத் தாயின் கடைசி மூச்சைச் செல்போனில் காட்டியதும் இப்படிப்பட்டவர்கள்தான்.

வெளியே நிற்கும் உறவினர் "தலைவிதி" என்று அழுவார்கள். அது விதியல்ல, காலிச் சிலிண்டர் என்பது உள்ளேயிருப்பவருக்குத் தெரியும். விதியென்றால் யாரைக் கேள்வி கேட்பது? காலிச் சிலிண்டர் என்றால் கேட்பதற்கு ஆள் உண்டல்லவா?

இவர்களுக்கு நாடு செய்த மரியாதையைப் பாருங்கள். 22-3-2020 மாலை 5 மணிக்குத் தட்டைத் தட்டினோம். 3-5-2020ல் ராணுவ ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின் மேல் பூத் தூவின. "தெய்வங்கள்" என்றும் சொன்னோம். கல்லுத் தெய்வத்திற்காவது வேளை தவறாமல் நைவேத்தியம் உண்டு. இந்தத் தெய்வங்களில் கல்கத்தாவிலிருந்த சில டாக்டர்களுக்குக் கவச உடைக்குப் பதிலாகக் கிடைத்தது மழைக்கோட்டு!

நிற்க, 20-7-2021ல் ராஜ்ய சபையில் மத்திய சர்க்கார் கொடுத்த பதில் என்ன? பிராணவாயு இல்லாததால் சாவு என்று மாகாணங்களிலிருந்து குறிப்பாகத் தகவல் ஏதும் வரவில்லை என்பதாகும். அப்படியானால் கண்ணால் கண்டவர்கள் பொய்யர்களா? காயத்தின் மேல் உப்பைத் தடவுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகவே தோழர்களே! உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிராணவாயு எத்தனை நாளைக்கு இருக்கின்றது, ஒரு நர்சுக்கு எத்தனை படுக்கை என்று அதிகாரிகளைக் கேளுங்கள். உள்ளதைச் சொன்ன நர்சுக்கு வேலை போகும் என்று மிரட்டினால், அந்தம்மாள் பக்கத்தில் போய் நில்லுங்கள்.