விளக்கு சுவிட்சை இடம் மாற்றும் முன்



நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஓட்டு வீட்டுக்கு முன்னால் மாடு கட்டச் சார்ப்பு இறக்கியதும், உள்ளே இருக்கும் விளக்கு சுவிட்சை வெளியே நகர்த்தத் தோன்றும். கழற்றிப் பார்த்தால் இரண்டு ஒயரும் கறுப்பு! சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது முறை. ஆனால், கையில் மிச்சமிருந்த ஒயரை இழுத்து முடித்த வீடுகள் ஊருக்கு ஊர் உண்டுங்க. நிறத்தை நம்பாதீர்கள்.

சுவிட்சுக்கு வரும் இரண்டில் ஒன்று ஃபேஸ். மற்றது விளக்குக்குப் போவது. நியூட்ரல் நேராக ஹோல்டருக்குப் போய்விடும். சுவிட்ச் துண்டிக்க வேண்டியது ஃபேஸைத்தான். தவறி நியூட்ரலில் மாட்டினாலும் விளக்கு ஒழுங்காக எரியும், அணையும். யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் இருக்கும். மாட்டு மூத்திரம் ஊறிய ஈரத் தரையில் நின்று பல்பு மாற்றுகிறவர் கதி என்ன? அணைத்த எல்இடி பல்பு மங்கலாக மினுங்கினால் இதையும் சந்தேகியுங்கள்.

லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை அழைத்து, சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரில் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த டெஸ்டரையும் முதலில் கரண்ட் உள்ள இடத்தில் சோதித்துக்கொள்ளட்டும்.

மூன்று ஃபேஸ் வரும் வீட்டில் ஒரு பியூஸ் கட்டையை மட்டும் பிடுங்கினால் போதாது. மற்ற இரண்டிலும் கரண்ட் இருக்கும். மெயினையே அணையுங்கள். 'பவர் கட்தானே' என்று கை வைப்பது அதைவிட மோசம்.

பழைய ஒயர் எட்டவில்லையென்று முறுக்கி, டேப் சுற்றிச் சுவருக்குள் புதைக்க விடாதீர்கள். இணைப்பு, திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பெட்டிக்குள் இருக்கட்டும்.